நலவாழ்வுப் பக்கம்: “ஒன்றுமில்லை” என்னும் நோய்

இம்மாதம் கண்ணைப் பேணுதல் குறித்து எழுதுவதாக எண்ணியிருந்தோம். ஆயினும் குர்லாப் பகுதியிலிருந்து வந்துள்ள கடிதங்கள் நம்மை வேறொரு பொருளுக்கு இழுத்துவிட்டன. கண்ணைப் பற்றி அடுத்த இதழில் பார்த்துக்கொள்வோம்; கண் நோய்க்காவது யாவரும் நம்பக்கூடிய ஒரு பெயர் உண்டு.

கடிதம் எழுதியோருள் ஒருவர், நாற்பத்தைந்து வயதை நெருங்கும் அம்மையார். ஆறாண்டுகளாகக் கை கால் கடுப்பு, கிறுகிறுப்பு, வயிற்று உப்புசம், உறக்கமின்மை, காரணமின்றி வரும் படபடப்பு ஆகியவற்றால் அல்லலுறுகிறார். ஒன்று தணிந்தால் மற்றொன்று தலையெடுக்கிறதாம். பல டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது. மகளின் கல்லூரிப் படிப்புக்கெனச் சேர்த்த தொகையில் பாதி கரைந்துவிட்டது. எல்லாரும் இறுதியில் கூறியது “உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா” என்னும் ஒரே விடைதான். இப்போது வீட்டிலும் அதையே கூறத் தொடங்கிவிட்டனர். “எனக்கு நோய் உண்டா, இல்லையா என்பதை மட்டும் சொல்லுங்கள்” என்று அவர் கேட்டிருக்கிறார். நாம் மருத்துவர் அல்லேம். பாராத நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையுமன்று. ஆயினும் அவர் கேட்ட கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று என்பதால் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் “ஒன்றுமில்லை” என்னும் சொல்லையே ஆராய்வோம். டாக்டர் அதனைக் கூறும்போது, “நான் செய்த சோதனைகளில் உயிருக்கு ஊறு செய்வதாக எதுவும் தென்படவில்லை” என்று பொருள்படக் கூறுகிறார். அதே சொல் வீட்டு வாசலைத் தாண்டியதும், “இவர் நடிக்கிறார்” என்னும் பொருளைப் பெற்றுவிடுகிறது. டாக்டர் சொன்னது தாம் செய்த சோதனையைப் பற்றி. வீட்டார் கேட்டது நோயாளியின் நாணயத்தைப் பற்றி. குடும்பங்களில் விளையும் கசப்பில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

காரணம் அறியா நோய் புதியதன்று. கணிதமேதை இராமானுஜன் 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நோயுற்றார். அவரைப் பார்த்த மருத்துவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெவ்வேறு நோயின் பெயரைக் கூறினர். கடைசியில் காசநோய் என்று கொண்டே சிகிச்சை நடந்தது. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1994இல், யங் என்னும் ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது அமீபாவால் ஈரலில் விளைந்த நோயாக இருக்கலாம் என்று எழுதினார். உலகத்தின் தலைசிறந்த பல்கலைக்கழகம் ஒன்றின் நிழலில் வாழ்ந்தவருக்கே இந்நிலை என்றால், ஐந்து நிமிடத்தில் அடுத்த நோயாளியைப் பார்க்கவேண்டிய டாக்டர் முன் அமர்ந்திருக்கும் நம்மவர் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. பெயர் தெரியாதது அறிவின் குறை, நோயாளியின் குறையன்று.

உடல் முழுதும் பரவிய வலி, தீராத அசதி ஆகியவற்றுக்கு மருத்துவ உலகம் பல காலமாகப் பெயர் தேடிக்கொண்டே வந்திருக்கிறது. 1869இல் அமெரிக்க டாக்டர் பியர்டு என்பார் இதனை நரம்புத் தளர்ச்சி என்றார். 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் ஃபைப்ரோமயால்ஜியா என்னும் வலி நோய்க்கு இலக்கணம் வகுத்து, உடலில் பதினெட்டு இடங்களை அழுத்திப் பார்த்துப் பதினொன்றிலேனும் நோகவேண்டும் என்றது. 2010இல் அவ்வழுத்திப் பார்க்கும் முறையையே கைவிட்டு, வலி பரவியிருக்கும் இடங்கள், உறக்கம், அசதி, மறதி ஆகியவற்றைக் கேட்டறியும் முறைக்கு மாறியது. நாட்பட்ட களைப்பு நோய் என்பது மனப்பிராந்தியன்று, உடல் நோயே என்று அமெரிக்க மருத்துவ ஆய்வுக் கழகம் 2015இல் அறிக்கை வெளியிட்டது. கொரோனாத் தொற்றுக்குப்பின் மாதக்கணக்கில் தொடரும் துன்பத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இலக்கணம் வகுத்தது. 2006இல் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் நின்றும் மூட்டுவலி நிற்காதவர்களை நம்முள் பலர் அறிவோம். ஆக, “ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை” என்பதனால் உடலில் ஒன்றும் இல்லை என்றாகிவிடாது.

நம் நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. டாக்டர் விக்ரம் பட்டேல் என்பாரும் அவர்தம் குழுவினரும் கோவாவில் பதினெட்டு முதல் ஐம்பது வயது வரையிலான 2494 பெண்களை ஆராய்ந்து, முடிவை 2005இல் வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் நாட்பட்ட களைப்பால் வருந்தினர். நாம் அனைவரும் என்ன சொல்வோம்? இரத்தம் குறைவு, கீரை சாப்பிடு என்போம். ஆனால் அவ்வாராய்ச்சியில் களைப்புக்கும் இரத்தத்தின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. வயது, குறைந்த கல்வி, அண்மையில் பட்ட பசி, கணவனிடம் அடைந்த வன்கொடுமை, மனத்துயரம் ஆகியவையே களைப்போடு கூடி நின்றன. இரத்தச் சோகையைப் புறக்கணிக்கலாம் என்பது இதன் பொருளன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்தேழு பேருக்கு அக்குறை உண்டு. ஆயினும் இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எழுந்துவிடுவது போதாது என்பதை அது காட்டுகிறது.

குர்லாவில் வாழும் நம் குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் இது வியப்பன்று. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப் பார்த்து உறக்கத்தை முறிப்பவர் வீட்டுப் பெண்மணியே. ஓரறை வீட்டில் இரவுப் பணி முடிந்து வருபவருக்கும் விடியலில் பள்ளி செல்வோர்க்கும் நடுவே உறங்குபவரும் அவரே. மேலே விமானம், பக்கத்தில் ரெயில். பொதுக் கழிப்பிடத்துக்குப் போக அஞ்சிப் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காதிருக்கும் பெண்கள் இந்நகரில் எத்தனையோ பேர். 2011இல் பெண்கள் அமைப்புகள் கூடி மும்பையில் கழிப்பிட உரிமைக்காக இயக்கமே தொடங்கின. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் தலைவலியும் நீர்க்கடுப்பும் வரிசையாக வரும். இவை மூன்றுக்கும் மூன்று டாக்டர், மூன்று மருந்துச்சீட்டு. ஆடவர் நிலையும் பெரிதும் வேறன்று. அவர்கள் வலியை வாய்விட்டுச் சொல்லாமல் புகையிலையிலும் மதுவிலும் கரைத்துக்கொள்கிறார்கள் என்பதே வேற்றுமை.

இனி, நம்மவர்க்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். அது மொழி.

வலிக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! கடுப்பு வேறு, குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு, குத்தல் வேறு, பிடிப்பு வேறு, எரிச்சல் வேறு. விண்விண்ணென்று தெறிப்பது வேறு. நம் பாட்டிமார் இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கமாட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் முன் சென்றதும், இவையனைத்தும் “தர்த்” என்னும் ஓரே இந்திச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. பள்ளியில் படிக்கும் மகளோ மகனோ மொழிபெயர்க்க, தாய் பத்து நிமிடம் சொன்னது “பூரா பதன் தர்த் கர்தா ஹை” என்று முடிந்துபோகிறது. டாக்டரும் வலி மாத்திரை எழுதிக்கொடுக்கிறார். அவரைக் குறைகூற இடமில்லை.

பாதத்தில் எரிச்சலும் மரமரப்பும் என்றால் அது நரம்பைச் சுட்டும்; சர்க்கரை நோயையும் பி12 உயிர்ச்சத்துக் குறைவையும் டாக்டர் நினைப்பார். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் ஒரு மணி நேரம் விறைத்திருக்கிறது என்றால் மூட்டு வாதத்தை நினைப்பார். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றால் எண்ணம் வேறு பக்கம் செல்லும். இவற்றுக்கு இந்தியில் சொல் இல்லாமலில்லை: எரிச்சலுக்கு “ஜலன்”, மரத்துப்போவதற்கு “சுன்ன்”, விறைப்புக்கு “அகடன்”. நாம் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது என்போம். மராத்தியரும் “முங்க்யா” வருகின்றன என்றே கூறுவர், முங்க்யா என்றால் எறும்புகள். ஆகவே அதனை அப்படியே சொன்னால் மராத்தி நர்ஸ் உடனே புரிந்துகொள்வார்.

இதனினும் பெரிய பிழை ஒன்று நேர்வதுண்டு. “படபடப்பு” என்பதைப் பிள்ளைகள் “கப்ராஹட்” என்று பெயர்த்துவிடுகிறார்கள். அச்சொல் மனக்கலக்கத்தையே முதலில் நினைவூட்டும். அம்மையார் மனஅமைதி மாத்திரையோடு வீடு திரும்புவார். நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்கிறது என்று, அதாவது “தட்கன்” மிகுந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால், டாக்டர் நாடியைப் பிடித்திருப்பார். தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா, இரத்தம் குறைந்திருக்கிறதா என்றும் பார்த்திருப்பார். “மயக்கம்” என்பதும் அத்தகையதே. நமக்குத் தலைசுற்றலும் மயக்கம், நினைவிழந்து விழுதலும் மயக்கம். டாக்டருக்கோ இவை முற்றிலும் வெவ்வேறானவை. போகுமுன் வீட்டிலேயே அமர்ந்து, தாய் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இந்தியிலோ மராத்தியிலோ ஏற்ற சொல்லைக் கேட்டறிந்து வைத்துக்கொள்ளுதல் நன்று. மருமகளிடமோ வயது வந்த மகளிடமோ இப்பொறுப்பைத் தருக. மாதவிலக்குத் தொடர்பான செய்திகளைத் தாய் தன் சிறு மகன் வாயிலாகச் சொல்லமாட்டாள். அவற்றை விட்டுவிட்டால் நாற்பதைக் கடந்த பெண்ணின் நோயில் பாதியை விட்டதாகும். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது பெரும்பாலும் நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதளவில். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே உறக்கம் கெடுதல், உடல் சூடேறி வியர்த்தல், மூட்டு வலி, படபடப்பு முதலியன தோன்றுவதுண்டு.

சார்ல்ஸ் டார்வின் என்னும் இயற்கை நூலறிஞர் தம் முப்பதாம் வயதிலிருந்து பல்லாண்டு வாந்தி, படபடப்பு, களைப்பு என அலைக்கழிந்தார். காரணம் இன்றுவரை முடிவாகவில்லை. அவர் 1849 முதல் 1855 வரை நாள்தோறும் தம் உடல்நிலையைத் தனி ஏட்டில் குறித்துவந்தார். காலையும் மாலையும் சிறுசிறு பொழுதுகளாகப் பிரித்து வேலை செய்தார். அவ்வாறிருந்தே 1859இல் தம் பெருநூலை வெளியிட்டார். நம் வீட்டு அம்மையாருக்கு வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேலையாட்கள் இல்லை என்பது உண்மை. எனினும் ஏடு வைக்க இரண்டணா நோட்டுப் புத்தகம் போதும் என்று அந்நாளில் எழுதியிருப்போம். இன்று அதன் விலை சற்று ஏறியிருக்கிறது, அவ்வளவே. உறங்கிய நேரம், உண்டது, எந்த வேலைக்குப்பின் எது கூடிற்று, எந்த மாத்திரை எப்போது, மாதவிலக்கு நாள் ஆகியவற்றை நாளுக்கு இரண்டு வரி எழுதினால் போதும். ஒரு மாத ஏடு டாக்டருக்குப் பத்து ஸ்கேனைவிட அதிகம் சொல்வதுண்டு.

மாத்திரை என்றதும் ஓர் எச்சரிக்கை. நான்கு டாக்டர்களிடம் போகிறவர் நான்கு பேரின் மருந்தையும் ஒருங்கே விழுங்குகிறார். சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் நெடுங்காலம் உண்டால் பி12 குறையக்கூடும். நெஞ்செரிச்சலுக்குக் காலையில் போடும் மாத்திரையும் நாட்பட்டால் அதனையே செய்யும். பி12 குறைந்தால் பாதம் எரியும், அசதி கூடும், மறதி வரும். அவற்றுக்கு மேலும் இரண்டு மாத்திரை! வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் உண்டால் இரைப்பையும் சிறுநீரகமும் பழுதாகும். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் கிடைக்கும் பொடிகளையும் உருண்டைகளையும் பற்றி நாம் மிகவும் அஞ்சுகிறோம். இரண்டே நாளில் வலி பறந்து, பசி பொங்கி, முகம் உப்பினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று ஐயுறவேண்டும். அதனைத் தாமே திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் செல்லுக.

சோதனைகளிலும் ஓர் அளவு வேண்டும். இரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், ஈரல், பி12, டி உயிர்ச்சத்து, உடலில் அழற்சி உண்டா எனக் காட்டும் ஈ.எஸ்.ஆர். ஆகியவை பெரும்பாலும் முதற்கண் பார்க்கப்படுபவை. இவற்றை ஒழுங்காக ஒருமுறை செய்து, தாள்களைக் காத்துவைத்தல் வேண்டும். தனியார் சோதனைச்சாலைகள் விளம்பரம் செய்யும் “ஃபுல் பாடி” தொகுப்பில் எண்பது சோதனை செய்தால், நல்ல உடலிலும் இரண்டொன்று அளவு மாறித் தோன்றும். பின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டிவரும். நகராட்சியின் குர்லா பாபா ஆஸ்பத்திரி நம் பகுதியிலேயே உள்ளது. பாந்திராவிலும் ஒரு பாபா ஆஸ்பத்திரி உண்டாதலால், ரிக்ஷாக்காரரிடம் குர்லா என்று சேர்த்துச் சொல்லவேண்டும்! அங்கே இயலாததைச் சயான் ஆஸ்பத்திரியின் சிறப்புப் பிரிவுகளில் பார்க்கலாம். காலையில் கேஸ் பேப்பர் எடுக்க வரிசையில் நிற்பது வருத்தந்தான், அதிலும் நிற்கவே முடியாதவருக்கு. அவ்வரிசையில் முதலில் சென்று நிற்பதை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வது பேருதவி. எந்த இடமாயினும், எல்லாத் தாள்களையும் அறிந்த ஒரு பொது மருத்துவரைப் பற்றிக்கொள்வதே முறை. தோளுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், தலைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொடுத்தால், முழு மனிதரைப் பார்ப்பவர் யாரும் இல்லாமற் போய்விடுவர்.

“நன்றாக நடந்தால் எல்லாம் சரியாகும்” என்னும் அறிவுரை குறித்தும் ஒரு சொல். உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மெல்ல மெல்லக் கூட்டிச் செய்யும் நடையும் பயிற்சியும் நன்மை தருகின்றன. ஆனால் சிறிது உழைத்ததும் மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கையில் தள்ளும் களைப்பு நோய் உடையவரை வற்புறுத்தி நடக்கவைத்தால் நோய் முற்றும். 2021இல் பிரிட்டனின் மருத்துவ நெறிமுறைக் கழகம், பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் பழைய முறையை அந்நோய்க்கு விலக்கிவிட்டது. இரண்டுக்கும் வேற்றுமை அறிய மீண்டும் அந்த ஏடுதான் வேண்டும். சோம்பல் என்று கருதி மனைவியைப் பூங்காவுக்கு விரட்டும் கணவன்மார் இதனைக் கருதுவார்களாக.

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்பவற்றோடு, உடனிருந்து பேணுபவனையும் ஒரு கூறாகவே வைத்திருக்கிறது. முதல் மூன்றும் முழுமையாகக் கிட்டாத நோயில் நான்காவது கூறு ஒன்றே நம் கையில் இருப்பது. “இன்று எப்படி இருக்கிறது?” என்று கேட்டு, விடையை முழுதும் கேட்பதற்குப் பணம் செலவில்லை. காலை எழுந்து தண்ணீர் பிடிப்பதை மகன் ஏற்பதற்கும் செலவில்லை. மனநல மருத்துவரிடம் செல்லும்படி டாக்டர் கூறினால், “அப்படியானால் பைத்தியம் என்கிறீர்களா?” என்று வெகுளவேண்டாம். ஆறாண்டு வலியோடு வாழ்பவர் மனம் தளராதிருந்தால்தான் வியப்பு. மனத்துக்குச் செய்யும் சிகிச்சை வலியைப் பொய்யென்று கூறுவதாகாது.

அதே வேளையில், பழைய நோய்தானே என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவதும் கூடாது. முயலாமலே எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ நீடித்தல், மலத்தில் இரத்தம், மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப்பின் மீண்டும் உதிரப்போக்கு, மார்பில் புதிய கட்டி, ஒரு கை காலில் திடீர்த் தளர்ச்சி ஆகியவற்றைப் புதியனவாகவே கருதி உடனே காட்டவேண்டும். காசநோய் நுரையீரலில் மட்டுமன்றி முதுகெலும்பிலும் கழலையிலும் ஒளிந்திருக்கக்கூடும். மும்பையில் அதனை மறத்தலாகாது. நெஞ்சில் பாரமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் வாய்வு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கவேண்டாம். பெண்களுக்கு மாரடைப்பு சில வேளை நெஞ்சுவலியின்றி, மூச்சுத்திணறலும் வாந்தியும் முதுகுவலியுமாக வருவதுண்டு.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. ஊர்க் காற்றுப் பட்டால் சரியாகும் என்று நம்பிச் செல்வோரும், வேலூர் சென்று காட்டிவருவோம் என்று புறப்படுவோரும் நம்மிடையே பலர். பலருக்கு அங்கே நன்மையும் கிட்டுகிறது. உறக்கமும் ஓய்வும் உறவினர் துணையும் சேர்வதே அதற்குப் பெருங்காரணம் எனலாம். ஆனால் நெல்லைக்கோ மதுரைக்கோ வண்டியேறுமுன், சோதனைத் தாள்களையெல்லாம் நாள் வரிசைப்படி ஒரு கோப்பில் அடுக்கி, உண்ணும் மருந்துகளின் பெயரை முதல் தாளில் எழுதி, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். திலகர் டெர்மினசில் பெட்டிகளை ஏற்றும் பரபரப்பில், எவர்சில்வர் தூக்கும் துணிமூட்டையும் போய்ச் சேர்கின்றன. கோப்பு மட்டும் குர்லாவில் பரண்மீது தங்கிவிடுகிறது. அங்குள்ள டாக்டர் முதலிலிருந்து எல்லாச் சோதனையையும் மீண்டும் எழுதுகிறார். ஊரிலிருந்து திரும்பும்போது அங்கு எழுதிய தாள்களையும் அதே கோப்பில் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.